குறும்பி

காதுக் குறும்பியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் என் இளைய மகள் முகத்தைச் சுழித்தாள். "எழுத வேற விசயமே கிடைக்கல்லயா உம்மா?" என்றாள். எங்கள் வீட்டில் அதைக் குடும்பி என்போம். அகராதி குறும்பி என்கிறது. எந்தப் பெயரில் சொன்னாலும் சுழிக்கிற முகம் ஒன்றுதான். கண்ணீரைப் பற்றி எழுதாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? வியர்வைக்கும் உழைப்பு என்ற பெயரில் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது. காதுக்குள்ளிருந்து வருவதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு நோன்பு வரும்வரை நானும் அதற்கு எந்த மரியாதையும் கொடுத்தவள் அல்ல.

வாப்பா முப்பத்தொரு வருடங்கள் நெல் குத்தும் மில்லில் வேலை செய்தவர். எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் அவருடைய இடம். மில் ஓடும்போது அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. கையால்தான் பேச்சு. ஒரு விரலைக் காட்டினால் ஒரு மூட்டை, உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. பகல் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் வாசலில் நின்று நானும் கையைத்தான் ஆட்டுவேன். உமித் தூசு படிந்த புருவத்தோடு அவர் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தமாகவே பேசுவார். "மில்லு இன்னும் தலைக்குள்ள ஓடுது" என்பார். அது விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தோம்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பெற்றோர் இருப்பது மகளின் வீட்டில். உம்மா மௌத்தான பிறகு வாப்பாவின் உடுப்பு, மருந்து, நகம், தலைமுடி எல்லாம் என் பொறுப்புக்கு வந்தன. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். நான் கொட்டன் பட்ஸ் எடுத்து இரண்டு காதையும் துடைத்துவிடுவேன். பஞ்சின் நுனியில் மஞ்சளாக ஏதாவது ஒட்டி வந்தால் எனக்கு ஒரு திருப்தி. "வெள்ளிக்கிழமைக்குக் காதும் சுத்தமாச்சி" என்று அவர் எழும்பிப் போவார். இதை ஐந்து வருடத்துக்கு மேல் செய்தேன். வாப்பாவுக்கு நான் செய்த பணிவிடைகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

வாப்பும்மாவின் சாவிக்கொத்தில் வெள்ளியில் செய்த ஒரு குட்டிக் கரண்டி தொங்கியது. குறும்பிவாங்கி என்பது அதன் பெயர். எத்தனை பேர் அப்படியொன்றைப் பார்த்திருப்பார்களோ! அந்தக் கரண்டி கிடைக்காத நேரத்தில் கோழி இறகு, தீக்குச்சி, கொண்டை ஊசி. உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் உண்டு. காது என்றால் தோண்ட வேண்டிய ஒன்று என்பது எங்களுக்கு அப்படிப் பரம்பரையாக வந்த அறிவு. பட்ஸ் வந்ததும் அந்த அறிவுக்கு வெள்ளைப் பஞ்சு சுற்றப்பட்டது, அவ்வளவுதான்.

2020 இல் முகக்கவசம் வந்தது. அதற்குப் பிறகுதான் வாப்பா மாறத் தொடங்கினார் என்று எல்லோரும் சொன்னோம். கடைக்காரர் விலை சொன்னால் சும்மா நிற்பார். பள்ளியில் யாராவது ஸலாம் சொன்னால் பதில் வராது. ஊரில் ஒருவர், "ஒங்கட வாப்பாக்கு இப்ப பெருமை கூடிட்டு" என்று என் கணவரிடமே சொல்லிவிட்டார். எதிரே பேசுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் அவர் அதுவரை பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார் என்பதும், வாய்களையெல்லாம் துணியால் மூடிக்கொண்டபோது அவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு வறட்டு இருமல். 2021 இல் இருமல் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு தடவை பரிசோதனை செய்தோம், பதினான்கு நாள் அறைக்குள் வைத்துச் சாப்பாட்டைக் கதவடியில் வைத்தோம். நோயில்லை. இருமல் மட்டும் நிற்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல ஒரு காரியம் நடந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். நாங்கள் வாப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். ஒரு விசயத்தை மூன்று தரம் கத்திச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது சுலபமாக இருந்தது. "ஒண்டுமில்ல வாப்பா" என்பது எங்கள் வீட்டில் அதிகமாகச் சொல்லப்பட்ட வசனமாயிற்று. பிள்ளைகள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசப் பழகினார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் கதிரையும் அவரும் ஒன்று போலாகிவிட்டது.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயலும் ஊரில் எல்லோருடைய வயலையும் போலப் பதராகவே தந்தது. அடுத்த போகத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று காக்கா சொன்னார். அவர் வந்து பேசியது எங்கள் விறாந்தையில்தான். வாப்பா இரண்டு முழம் தள்ளி இருந்தார். "வாப்பாக்கிட்டயும் ஒருக்காச் செல்லுவமா?" என்று காக்கா கேட்டார். "அவருக்கிட்டக் கேட்டு என்ன? கத்திக் கத்தி நமக்குத்தான் தொண்டை நோகும்" என்றேன். சொன்னது நான்தான். குத்தகைக் காசு கைமாறிய நாளிலும் வாப்பா அங்கேதான் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றும் செய்யாமல் இருந்தோம் என்றும் இல்லை. நகரத்தில் காது கேட்கும் கருவி விற்கும் ஓரிடத்துக்குக் கூட்டிப் போனேன். காதுக்குள் ஒரு தரமாவது எட்டிப் பார்க்காமலேயே இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்று விலை சொன்னார்கள். என் சில மாதச் சம்பளம். வாப்பா விலையை மட்டும் எப்படியோ விளங்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

அடுத்த நோன்பு 2022 ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. அந்த மாதத்தை இந்த நாட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். மின்வெட்டு, பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. மஃரிப் நேரத்தில் கரண்ட் இல்லாத நாட்கள் பல. பள்ளி ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காத மாலைகளில் மோதினார் ஒலிபெருக்கி இல்லாமல் பழைய காலத்தைப் போல வாசலில் நின்று பாங்கு சொன்னார். மெழுகுதிரி வெளிச்சத்தில் பாயைச் சுற்றி உட்கார்ந்து கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் காதைத் தீட்டிக் காத்திருப்போம். மனிதக் குரலில் பாங்கு அவ்வளவு தூரத்திலிருந்து வருவது அழகாகத்தான் இருந்தது. நான் அதை ரசித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் ஈச்சம்பழத்தை விரல்களுக்கிடையில் பிடித்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, கையை. என் கை பழத்தை எடுத்து வாய்க்குப் போனதும்தான் அவருடைய கை மேலெழுந்தது. மில்லில் செய்ததைத்தான் செய்தார். எத்தனை நோன்பாக இப்படிச் செய்கிறாரோ தெரியவில்லை.

மறு வாரம் ஓட்டோவுக்குப் பெற்றோல் கிடைத்த நாளில் அவரை அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வைத்தியர் இளம் பெண். வாப்பாவின் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, வெளிச்சமுள்ள கருவியை வைத்துப் பார்த்தார். மற்றக் காதையும் பார்த்தார். "ஐயாவின் செவிப்பறை தெரியவே இல்லை. இரண்டு பக்கமும் மெழுகால் அடைபட்டிருக்கிறது" என்றார். அதே நேரம் வாப்பா இருமினார். கருவி உள்ளே தொட்டதும் இருமல், எடுத்ததும் நின்றது. காதின் குழாய்க்கு வரும் ஒரு நரம்புக்கிளை தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகும் நரம்பின் கிளைதான், சிலருக்குக் காதைச் சீண்டினால் இருமல் வரும் என்றார். "அப்ப ரெண்டு வருச இருமலும்?" என்று கேட்டேன். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பதினான்கு நாள் கதவடியில் வைத்த கோப்பைகள் என் கண்ணில் வந்தன.

கட்டி காய்ந்து இறுகியிருந்ததால் உடனே எடுக்க முடியாது, ஒரு வாரம் துளி விட்டு இளக்க வேண்டும். காதுத் துளிமருந்து அந்த நாட்களில் எந்தப் பாமசியிலும் இல்லை. ஒலிவ் எண்ணெய் போதும் என்றார் வைத்தியர். உம்றாவுக்குப் போன மச்சி கொண்டுவந்த ஸைத்தூன் எண்ணெய் வீட்டில் இருந்தது. பிரச்சினை வேறு. நோன்போடு காதுக்குள் துளி விட்டால் நோன்பு முறியும் என்றுதான் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் நாங்கள் ஓதியது. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை காதுத் துளி நோன்பை முறிக்காது என்று தீர்மானித்ததை எடுத்துக் காட்டினேன். வாப்பா கையைக் கவிழ்த்தார். நிறுத்து. அதனால் தராவீஹ் முடிந்து வந்த பிறகு ஒரு காது, ஸஹருக்கு எழும்பும்போது மற்றக் காது என்று ஏழு இரவுகள். ஒருக்களித்துப் படுத்த அவரின் காதில் இளஞ்சூட்டு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் அசையாமல் காவலிருப்பேன்.

அந்த இரவுகளில்தான் புத்தகங்களைத் திறந்தேன். இதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நான் விஞ்ஞான ஆசிரியை. இருபது வருடங்களாகக் கரும்பலகையில் காதின் குறுக்குவெட்டுமுகத்தை வரைகிறேன். புறச்செவிக் குழாய், செவிப்பறை, சுத்தி, பட்டை, ஏந்தி என்று பெயர் குறித்து நிறம் தீட்டுவேன். அந்தக் குழாயில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. சோதனையில் அதற்குக் கேள்வி வருவதில்லை.

குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். அதன் வெளிப்பக்க மூன்றிலொரு பங்கில்தான் குறும்பி உண்டாகிறது. உருமாறிய வியர்வைச் சுரப்பிகள் ஒன்றும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒன்றுமாகச் சுரப்பதில், உதிர்ந்த தோலும் முடியும் தூசும் சேர்ந்தால் குறும்பி. அது அழுக்கல்ல. தோலைக் காயவிடாமலும் நீரில் ஊறவிடாமலும் காக்கிறது, பூச்சியையும் தூசையும் ஒட்டிப் பிடிக்கிறது. சற்று அமிலத் தன்மையுள்ளதால் பக்டீரியாவும் பூஞ்சையும் அதில் இலேசாக வளர முடியாது. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது வேறொன்று. காதுக் குழாயின் தோல் நிற்பதில்லை. செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்பட்டு வெளியே நோக்கி மிக மெதுவாக, நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது. மென்று சாப்பிடும்போதும் பேசும்போதும் அசைகிற தாடை அதற்கு உதவுகிறது. குறும்பி தானாகவே வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். உள்ளே எதுவும் போக வேண்டியதில்லை. வுழுவில் விரலால் தடவுகிற அளவே காதுக்குப் போதும். வயதாக ஆகச் சுரப்பு காய்ந்து கெட்டியாவதால் பயணம் தாமதிக்கும். அந்த நேரத்தில் ஒரு பஞ்சுக் குச்சியைக் கொண்டுபோனால் நுனியில் ஒட்டுவது கொஞ்சம், உள்ளே தள்ளப்படுவது மிச்சம். பட்ஸ் பெட்டியிலேயே காதுக் குழாய்க்குள் விட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எழுத்துச் சிறியது. ஆனால் நான் ஆசிரியை.

குறும்பியில் ஈரமானது, உலர்ந்தது என்று இரண்டு வகை. 16 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரே ஒரு பரம்பரை அலகு அதைத் தீர்மானிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006 இல் கண்டார்கள். கிழக்காசியரில் பெரும்பாலோருக்கு உலர்ந்தது, ஆபிரிக்கரிலும் ஐரோப்பியரிலும் பெரும்பாலோருக்கு ஈரமானது. நம் பக்கத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். ஈரம் ஆட்சியுடையது. மெண்டலின் பட்டாணிக்குப் பதில் இனி இதைப் படிப்பிக்கலாமா என்று நினைத்தேன். வகுப்பு முழுக்க காதைத் தோண்டத் தொடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு நாள் கழித்துத் திரும்பப் போனோம். இதற்கு முன் காதில் சீழ் வடிந்ததா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு, வைத்தியர் பெரிய உலோகச் சிரிஞ்சில் வெந்நீர் எடுத்தார். முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவளைப் போல. நீர் உடம்பின் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்தாலும் சுட்டாலும் தலை சுற்றும். இந்தத் தலைச்சுற்றலை வைத்தே உட்காதுக்கும் உடம்பின் சமநிலைக்கும் உள்ள தொடர்பை வியன்னாவில் ரொபர்ட் பாரனி என்ற வைத்தியர் விளக்கினார். 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். காது கழுவிய தண்ணீரிலிருந்து நோபல் பரிசு! கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் எனக்கு நினைவில் வரவில்லை. காதுக்கடியில் தாதி பிடித்திருந்த சிறுநீரக வடிவப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை நீர் பாய்ச்சியபோது வலக்காதிலிருந்து விழுந்தது. புளியங்கொட்டை அளவு, புளியங்கொட்டை நிறம். இடக்காதிலிருந்து வந்தது இரண்டு துண்டாக உடைந்திருந்தது. வைத்தியர் அதை இடுக்கியால் பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக நூல் நூலாக ஏதோ இருந்தது.

"பஞ்சு" என்றார். "யார் துடைப்பது?"

நான் பதில் சொல்வதற்கு முன் வாப்பா சொன்னார். "நான்தான் டொக்டர். சும்மா இருக்க ஏலாம நான்தான்."

கேள்வி அவருக்குக் கேட்டிருந்தது. மெதுவாகக் கேட்கப்பட்ட கேள்வி அது.

நீலத் திமிங்கிலங்களுக்குக் குறும்பி வெளியே உதிர்வதில்லையாம். பிறந்ததிலிருந்து படையாகச் சேர்ந்து நீண்ட ஒரு தக்கையாகிவிடும். 2007 இல் கலிபோர்னியாவில் கரையொதுங்கிய ஓர் ஆண் திமிங்கிலத்தின் தக்கை இருபத்தைந்து சென்ரிமீற்றர் வரை இருந்தது. அதை அறுத்துப் படைகளை ஆராய்ந்து, அந்தப் பிராணி எந்த வயதில் எந்த நஞ்சைச் சுமந்தது, எப்போது அதற்கு மன அழுத்தத்தின் ஹோமோன் கூடியது என்றெல்லாம் 2013 இல் எழுதினார்கள். நம் திருகோணமலைக் கடலிலும் மிரிஸ்ஸக் கடலிலும் போகிற அதே நீலத் திமிங்கிலங்கள்தான். வாப்பாவின் தக்கையை யாரும் அறுத்துப் படிக்கவில்லை. தாதி அதைக் குப்பை வாளியில் கொட்டினாள். படித்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு படையாக என்னைத்தான் கண்டிருப்பார்கள்.

வெளியே வந்ததும் வாப்பா வாசலில் நின்றுவிட்டார். "இவ்வளவு சத்தமா?" என்றார். ஓட்டோவில் போகும்போது தோல் நகரும் கதையைச் சொன்னேன். மில்லில் நெல்லை மேலே கொண்டுபோகும் பெல்ட்டைப் போல என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நீ ஓடுற பெல்ட்டுக்கு எதிராத் தள்ளியிருக்காய்" என்றார். பிறகு டாக்கடரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பிள்ள செஞ்ச வேலயப் போய் அங்க செல்லுவாங்களா?" என்றார்.

வீட்டில் அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். குசினிக் கதவு கத்துகிறது, எண்ணெய் போட வேண்டும். தண்ணீர்த் தாங்கி கசிகிறது. பேரன் ஓதும்போது ஓரிடத்தில் நீட்டாமல் விடுகிறான். எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் இரண்டு வருடப் பழக்கம் இரண்டு நாளில் போகுமா? மூன்றாம் நாள் விறாந்தையில் நின்று காக்காவோடு தொலைபேசியில் பேசினேன். குத்தகைக்காரர் மிச்சக் காசைப் பெருநாளுக்குப் பிறகு தருவாராம். வழக்கமான குரலில்தான் பேசினேன். வைத்ததும் பின்னாலிருந்து கேட்டது.

"எந்த வயல் மகள்?"

சொன்னேன். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தரமும் கத்தத் தேவையிருக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் துடையில் வைத்து அதன் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், "அவன் வரம்பக் கரைப்பான்" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "எனக்குக் கேக்கல்ல, சரி. நீங்களும் கேக்கல்லயே" என்றார். அவ்வளவுதான். அஸருக்குப் பாங்கு சொன்னது, எழும்பிப் போனார். அவர் சொன்னபடியே அந்தப் போகத்தில் வரம்பு ஒரு முழம் கரைந்தது.

பெருநாளுக்குப் பிறகு கேள்விப் பரிசோதனையும் செய்தோம். குறும்பி போனதால் திரும்பியது ஒரு பங்கு. மில் எடுத்துக்கொண்ட பங்கு திரும்பாது. உட்காதின் நத்தைச் சுருளில் உள்ள மயிர்க்கலங்களைப் பெருஞ்சத்தம் அழித்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. நாலாயிரம் ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் வாப்பாவின் வரைபடம் பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தில் வேலை செய்தவர்களின் காதுக்கே உரிய பள்ளம் அது. ஆண்குரல் கேட்கும், சின்னப் பேத்தியின் கீச்சுக் குரல் தேய்ந்துதான் கேட்கும். 'ஸ'வும் 'ச'வும் காற்றோடு போய்விடும். கருவி வைத்தால் உதவும் என்றார்கள். இந்தத் தடவை காதுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு காதுக்கு வாங்கிக் கொடுத்தோம். கருவி வைக்கிறவருக்குக் குறும்பி வெளியேறுவது தடைப்படும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். பட்ஸ் பெட்டி இப்போது தையல் மெசின் லாச்சியில் கிடக்கிறது, மெசினில் எண்ணெய் துடைக்க.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து அவர் இன்னும் கதிரையில் தலையைச் சாய்க்கிறார். துவாயின் நுனியால் காது மடலை மட்டும் துடைத்துவிடுகிறேன்.

அடுத்த வருட நோன்பில் கரண்ட் இருந்தது. ஒலிபெருக்கியில் பாங்கு வீட்டுச் சுவரில் மோதியது, கருவியும் காதில் இருந்தது. வாப்பா ஈச்சம்பழத்தைப் பிடித்தபடி என் கையைப் பார்த்தார்.